நோ-ஹிட்டர் போய்க்கொண்டிருந்தது

எனக்கு மட்டும் வாய் இல்லாவிட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று என் கணவனின் அண்ணன் அர்பன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த காலம் உண்டு. சொல்லட்டும். அந்த வாயைத் திறக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் எவ்வளவு பயந்தேன் என்பதை அவர் கண்ணால் பார்த்தார். அதற்குப் பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

எங்கள் ஊர் செயின்ட் லம்பர்ட். மினசோட்டாவில் சோளக்காட்டுக்கும் மாட்டுப்பண்ணைக்கும் நடுவே ஒரு தேவாலயம், ஒரு வெண்ணெய் ஆலை, இரண்டு பீர்க்கடை, ஒரு பேஸ்பால் மைதானம். ஞாயிறு என்றால் காலையில் பூசை, மதியம் ஆட்டம், ஐந்து மணிக்குப் பால் கறக்க வேண்டும். பூசைக்கு வராதவனைக்கூட மன்னிப்பார்கள், ஆட்டத்துக்கு வராதவனை மன்னிக்கமாட்டார்கள். ஆடுகிற யாருக்கும் அதில் காலணா கிடையாது. வாரமெல்லாம் சாணி அள்ளுகிறவனும் பால் வண்டி ஓட்டுகிறவனும் அன்றைக்கு மட்டும் வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு மீசையை முறுக்குவார்கள். என் கணவன் லியாண்டர் எங்கள் அணியின் பிட்சர். மேட்டில் நின்று இடது கையால் பந்து எறிகிறவன். அர்பன்தான் அணிக்கு மேனேஜர். தம்பியைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் பீரும் சாஸேஜும் விற்கிற கொட்டகையில் நிற்பேன், என் சிநேகிதி டெல்ஃபினோடு.

நோ-ஹிட்டர் என்றால் என்ன என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும் முன்பே தெரியும். பிட்சர் ஒன்பது இன்னிங்ஸும் எறிந்து முடிக்கிறவரை எதிரணியில் ஒருத்தன்கூட அவன் பந்தை ஒழுங்காக அடித்து முதல் பேஸுக்கு ஓடிச் சேர முடியாமல் போவது. பெரிய பெரிய ஆட்களுக்கே ஆயுசில் ஒருமுறை வாய்த்தால் உண்டு. அது நடந்துகொண்டிருக்கும்போது அந்தச் சொல்லை யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் போச்சு, அடுத்த பந்தே அடிபடும். பிட்சரோடு யாரும் பேசவும் கூடாது, பக்கத்தில் உட்காரவும் கூடாது. அவன் தண்ணீர் குடிக்க வந்தால் வாளியை விட்டு எல்லாரும் விலகிவிடுவார்கள். அவனும் வாய் திறக்கமாட்டான். பெஞ்சின் கோடியில் தனியாகத் தீட்டுப்பட்டவன் மாதிரி உட்கார்ந்திருப்பான்.

ஆட்டத்தில் சொல்லக்கூடாத அந்தச் சொல்லை ஆட்டத்துக்கு வெளியே நாங்கள் எதற்கெடுத்தாலும் சொல்வோம். சோளம் செழிப்பாக நிற்கிறது, ஆலங்கட்டி இன்னும் விழவில்லை, யாராவது வெளியூர்க்காரன் "இந்த வருஷம் நல்ல விளைச்சலா?" என்று கேட்டால் "அங்க நோ-ஹிட்டர் போய்ட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவோம். குடியை விட்டவன் வீட்டில் நோ-ஹிட்டர். மாப்பிள்ளை பார்த்து இன்னும் மோதிரம் மாற்றாத வீட்டில் நோ-ஹிட்டர். பொருள் ஒன்றுதான்: நல்லது நடந்துகொண்டிருக்கிறது, வாயை வைத்துக் கெடுத்துவிடாதே.

நான் ஒருமுறை வாயை வைத்தேன். கல்யாணமான மறுவருஷம் வயிற்றில் பிள்ளை இருந்தது. தவக்காலத்தில் தேவாலயத்தில் மீன் வறுத்துப் போடுகிற வெள்ளிக்கிழமை, சந்தோஷம் தாங்காமல் வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும் சொன்னேன். பையன்தான் என்றேன், ஆன்செல்ம் என்று பெயர்கூட வைத்துவிட்டோம் என்றேன். அடுத்த ஞாயிறு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. அர்பன் மட்டும் தொழுவத்தில் லியாண்டரிடம், நோ-ஹிட்டர் போகும்போது இவள் ஏன் வாயைத் திறந்தாள் என்று கேட்டது என் காதில் விழுந்தது. அந்தப் பெயரை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அடுத்து கார்லா வயிற்றில் வந்தபோது எட்டாம் மாதம்வரை தொளதொளவென்று லியாண்டரின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். பார்த்தவர்களும் பார்க்காத மாதிரி போனார்கள். கார்லா நல்லபடியாகப் பிறந்தாள். பிறகு நான் எப்படி நம்பாமல் இருப்பேன், சொல்லுங்கள்.

இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும். அல்ஃபோன்ஸ். விதைக் கடைக்காரர், நல்ல மனிதர். லியாண்டர் இளவட்டமாக இருந்தபோது ஒருமுறை ஒன்பதாவது இன்னிங்ஸ்வரை யாரையும் அடிக்கவிடாமல் கொண்டுபோய்விட்டான். அப்போது அல்ஃபோன்ஸ் பீர் மப்பில் எழுந்து நின்று அந்தச் சொல்லைக் கத்தித் தொலைத்தார். அடுத்த பந்து அடிபட்டது. அன்றிலிருந்து மைதானத்தில் அவருக்கு உட்கார இடம் கிடையாது. யாரும் அடிக்கவில்லை, பிடிக்கவில்லை. அவர் வந்து உட்கார்ந்தால் அந்த வரிசையே எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடும், அவ்வளவுதான். பாவம், வேலிக்கு வெளியே சோளக்காட்டு ஓரம் காரை நிறுத்தி அதற்குள் உட்கார்ந்தபடிதான் ஆட்டம் பார்ப்பார். எங்கள் ஊர் அப்படி. கொலை செய்தவனுக்குச் சாப்பாடு போடும், அல்ஃபோன்ஸுக்கு முகம் கொடுக்காது.

அந்த ஜூலை ஞாயிறு நல்ல வெயில். எதிரில் பக்கத்து ஊர் செயின்ட் ஓட்டோ அணி. லியாண்டருக்குத் தோள் தேய்ந்துவிட்டிருந்தது, அதுதான் கடைசி வருஷம் என்று அவனே சொல்லியிருந்தான். ஆனால் அன்றைக்கு என்னமோ அவன் கை சொன்ன பேச்சைக் கேட்டது. நான்காவது இன்னிங்ஸ் முடியும்போது பலகையில் எதிரணிக்கு நேரே வெறும் முட்டையாக இருந்தது. டெல்ஃபின் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இரண்டு பேரும் குனிந்து முட்டைக்கோஸ் ஊறுகாயைக் கிளறினோம்.

ஐந்தாவதில்தான் அது நடந்தது. செயின்ட் ஓட்டோ ஆள் ஒருத்தன் அடித்த பந்து நேராக மேட்டுக்கே திரும்பி வந்து லியாண்டரின் தலையில், இடது காதுக்கு மேலே பட்டது. அந்தச் சத்தம் கொட்டகைவரை கேட்டது. கையிலிருந்த பீர்க் கோப்பையைக் கீழே போட்டுவிட்டேன். ஆனால் தலையில் பட்ட பந்து மேலே எகிறி, தரையைத் தொடும் முன்பே எங்கள் ஆள் ஒருத்தன் கையில் போய் விழுந்தது. அடித்தவன் அவுட். லியாண்டர் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தவன் எழுந்துவிட்டான். தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டான். ஜனம் கைதட்டியது, இவன் மண்டை மற்ற எல்லாரையும்விட நன்றாக ஆடுகிறது என்று யாரோ சொல்ல, மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன். அர்பன் பெஞ்சிலிருந்து எழுந்து பாதித் தூரம் போனார். லியாண்டர் கையுறையை ஆட்டி வேண்டாம் என்றான். போய்ப் பேசினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். அவர் பாதியிலேயே திரும்பி வந்துவிட்டார்.

ஆறாவது முடிந்ததும் லியாண்டர் மேட்டிலிருந்து இறங்கி எதிரணி பெஞ்சைப் பார்த்து நடந்தான். நாலைந்து அடி போய், நின்று, திரும்பி வந்தான். வெயில் என்றாள் டெல்ஃபின். வெயில்தான் என்று நானும் சொல்லிக்கொண்டேன்.

அந்த வருஷ வசந்தத்தில் எங்கள் கன்றுக்குட்டி ஒன்றைக் குதிரை தலையில் உதைத்துவிட்டது. விழுந்த கன்று எழுந்து நின்று, வாளியில் பால்கூடக் குடித்தது. தப்பித்தது என்று நாங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கிறது. மாலை கறவைக்கு முன்பே போய்விட்டது. வேண்டாம் வேண்டாம் என்று நினைக்க நினைக்க அந்தக் கன்றுதான் என் கண்முன் வந்தது.

ஏழாவதிலும் செயின்ட் ஓட்டோவால் அடிக்க முடியவில்லை. அவர்கள் முறை முடிந்து எங்கள் ஆட்கள் மட்டை பிடிக்கப் போகும் முன் எல்லாரும் எழுந்து சோம்பல் முறிப்பது வழக்கம். கொட்டகையில் கூட்டம் அப்பும். அன்றைக்குக் கூட்டம் வந்தது, ஆனால் ஒரு சத்தம் இல்லை. எல்லாரும் விரலைக் காட்டியே பீர் கேட்டார்கள். தலைகளுக்கு இடையே நான் எட்டி எட்டிப் பார்த்தேன். லியாண்டர் பெஞ்சுக்குப் பின்னால் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, அவன் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் ஒருத்தன், அவனோடு பள்ளிக்கூடம் போனவன் இன்னொருத்தன். பேசக்கூடாது என்பதால் திரும்பிக்கொண்டார்கள்.

"டெல்ஃபின், அவனுக்கு ஏதோ ஆயிடுச்சு," என்றேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இன்னும் ரெண்டே இன்னிங்ஸ்டி. முடிஞ்சதும் கேட்டுக்கலாம். இப்ப போய் அவன்கிட்ட வாயக் கொடுத்தேன்னா உன்னையும் அல்ஃபோன்ஸ் பக்கத்துல காருக்குள்ள உக்கார வெச்சிருவாங்க."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஊர் பேசாமல் போய்விடுமே என்கிற பயம் பாதிதான். மீதிப் பாதி அதைவிட மோசம். நான் வாயைத் திறப்பதாலேயே ஏதாவது நடந்துவிட்டால்? ஒன்றுமே இல்லாத இடத்தில் நானே போய் அதை வரவழைத்துவிட்டால்? முன்பு ஒருமுறை பேசி இழந்தவள் நான். பேசாமல் இருந்து பிள்ளை பெற்றவளும் நானே. ஏப்ரனைப் பிடித்துக்கொண்டு மாதாவே மாதாவே என்று நின்றேன்.

எங்கள் ஆட்கள் மட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிட்சருக்குப் பதிலாக வேறொருவன் மட்டை பிடிக்கலாம் என்ற விதி வந்துவிட்ட காலம், அதனால் லியாண்டர் பெஞ்சிலேயே இருந்தான். மற்ற எல்லாரும் ஒரு கோடியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, இவன் மட்டும் மறுகோடியில். நடுவில் பெஞ்சு காலியாகக் கிடந்தது. அவன் தொப்பி கீழே விழுந்தது. அவன் எடுக்கவில்லை. பிறகு கையுறையை எடுத்து மாட்டத் தொடங்கினான். இடது கையால் எறிகிறவன் வலது கையில்தான் கையுறை போடுவான். லியாண்டர் அதை இடது கையில் மாட்டப் பார்த்தான். போகவில்லை. மறுபடி மாட்டினான். சிறுபிள்ளை காலணியை மாற்றிப் போட்டுக்கொள்ளப் போராடுவது மாதிரி, பொறுமையாக, மறுபடி மறுபடி. இருபது வருஷமாக அவன் அந்தக் கையுறையை மாட்டுவதைப் பார்க்கிறவள் நான்.

ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு நடந்தேன்.

பெஞ்சுக்குப் போகிற வாசலில் அர்பன் என்னை மறித்தார். கையை அகல விரித்து, குரலைத் தாழ்த்தி, "வெரீனா, திரும்பிப் போ. இங்க என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியும்," என்றார்.

"தெரியும். நகருங்க."

"இன்னும் ஆறு பேரை அவுட் பண்ணணும். ஆறே பேர். அவன் ஆயுசுல இனிமே இது வராது. அப்புறம் நீ அவன்கிட்ட எவ்வளவு வேணும்னாலும் பேசு."

"அப்புறம் அவன் இருப்பானா, அர்பன்?"

அவர் கை இறங்கவில்லை. நான் அந்தக் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போனேன். பெஞ்சில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பாம்பு உள்ளே வந்துவிட்ட மாதிரி பார்த்தார்கள். மட்டை பிடித்து நின்றவன்கூடத் திரும்பினான். மைதானம் முழுக்க அப்படி ஒரு அமைதி. தொலைவில் யாருடைய டிராக்டரோ ஓடுவது கேட்டது.

அவன் முன்னால் மண்டியிட்டேன். இப்போது நான் சொல்லப்போகிற சொல்தான் அவனைக் கொல்லப்போகிறது என்று ஏதோ ஒன்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தது.

"லியாண்டர்," என்றேன்.

அவன் மெதுவாக என் பக்கம் திரும்பினான். ஒரு கண்ணின் கருமணி சின்னதாக இருந்தது. இன்னொன்று பொத்தான் அளவுக்கு விரிந்து கிடந்தது.

"லியாண்டர், கார்லா எங்க?" கார்லா என் தங்கையோடு ஏரிக்குப் போயிருந்தாள். காலையில் அவனேதான் காரில் ஏற்றிவிட்டான்.

அவன் யோசித்தான். உதடு ஒரு பக்கம் கோணியது. குடித்தவன் பேசுகிற மாதிரிக் குழறி, ஆனால் முகத்தில் சின்னச் சிரிப்போடு சொன்னான்: "ஆன்செல்ம்கூட வெளயாடுறா."

அந்தப் பெயரை நான் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று. எனக்குப் பின்னால் வந்து நின்ற அர்பனுக்கும் கேட்டது. அந்தப் பெயர் யாருடையது என்று அவருக்கும் தெரியும். திரும்பிப் பார்த்தேன், அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

நான் எழுந்து நின்றேன். அதற்குமேல் பயப்பட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. மைதானத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். "நோ-ஹிட்டர் போய்ட்டிருந்துச்சு. முடிஞ்சது. என் புருஷன் செத்துக்கிட்டிருக்கான், யாராவது வண்டிய எடுங்க."

யாரும் அசையவில்லை. சொல்லப்பட்டது எது, சொல்லாமல் இருக்க வேண்டியது எது என்று அவர்களுக்கே குழம்பிவிட்டது போல. அசைந்தது ஒருத்தர்தான். வேலிக்கு வெளியே ஒரு கார் உறுமியது. அல்ஃபோன்ஸ் சோளத்தைச் சாய்த்துக்கொண்டு, பின் கேட்டை இடித்துத் திறந்து, பச்சைப் புல் மேலேயே காரை ஓட்டிவந்து மேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அதே நேரம் லியாண்டர், மட்டை முறை முடிந்ததென்று நினைத்தானோ என்னவோ, எறியப் போவதற்காக எழுந்தான். இரண்டடி வைத்தான். அப்படியே மடங்கி விழுந்தான்.

அர்பனும் செயின்ட் ஓட்டோ ஆட்கள் இரண்டு பேரும்தான் தூக்கிப் போட்டார்கள். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தேன். செயின்ட் கிளவுட் நகரத்து ஆஸ்பத்திரிக்கு அந்தச் சாலை என்றைக்கும் இல்லாத மாதிரி நீண்டுகொண்டே போனது. அவன் குறட்டை விடுகிற மாதிரி மூச்சு விட்டான். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்தது வராமல் போனால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.

மண்டை ஓட்டுக்கு அடியில் ரத்தம் கட்டி மூளையை அழுத்துகிறது என்றார் டாக்டர். உடனே திறந்து எடுக்க வேண்டும், உறுதி எதுவும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கதவு மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் அணி முழுவதும் வந்து சேர்ந்தது. புழுதி படிந்த உடுப்போடு, ஆணி வைத்த காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு வெறும் சாக்ஸோடு வந்தார்கள். நடைகூடத்தில் சுவரோரம் நீளமான பெஞ்சு. நான் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வந்து மறுகோடியில் உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் சிலர் நின்றார்கள், சிலர் தரையில் உட்கார்ந்தார்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவே பெஞ்சு காலியாகவே கிடந்தது. ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை.

முதலில் என் மேல் கோபம் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. உள்ளே அவன் இன்னும் உயிரோடு இருக்கிறான். நோ-ஹிட்டர் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு அவர்கள் மரியாதை செய்கிறார்கள். அத்தனை அன்பும் அந்தக் காலிப் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் நான் மட்டும். தனியாக இருப்பது என்றால் என்னவென்று வாழ்க்கையில் அன்றைக்குத்தான் தெரிந்தது. யாராவது வந்து எந்தக் கண்றாவியையாவது பேச மாட்டார்களா என்று இருந்தது.

அல்ஃபோன்ஸ் உள்ளே வராமல் கதவோரம் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றார்.

"இங்க வாங்க, வந்து உக்காருங்க," என்றேன். "ஏதாவது பேசுங்க."

"நானா? நான் வாயத் தொறந்தாத்தான் எல்லாம் கெட்டுப்போகுமே."

"இதுக்கு மேல கெட இங்க ஒண்ணும் இல்ல. பேசுங்க."

வந்து உட்கார்ந்தார், ஒட்டி, தோள் இடிக்கிற மாதிரி. பேசத் தொடங்கினார். அந்த மனிதருக்கு அவ்வளவு வருஷமாகப் பேசக் கிடைக்காமல் சேர்ந்து கிடந்ததோ என்னவோ. விதைச் சோளம், அவர் மனைவியின் முழங்கால், கேட்டை இடித்ததில் நசுங்கிய காரின் முகப்பு, காருக்குள் உட்கார்ந்து பார்த்தால் மேட்டிலிருந்து வருகிற பந்து எப்படித் தெரியும் என்பதெல்லாம் சொன்னார். செயின்ட் ஓட்டோ ஆட்கள் எங்கள் பண்ணைக்கு மாடு கறக்கப் போயிருக்கிறார்கள் என்றும் அவர்தான் சொன்னார். பிறகு சட்டென்று நிறுத்தி, சாதாரணமாக, மழை வருமா என்று பேசுகிற குரலில் சொன்னார்: "பொழைக்கலாம் வெரீனா. பொழைக்காமலும் போகலாம். ரெண்டையும் சொல்லிட்டேன், கேட்டுக்க. நாம பேசறதால அங்க உள்ள ஒண்ணும் மாறப்போறதில்ல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மதியத்திலிருந்து வராத அழுகை. மறுகோடியில் பெஞ்சு கிரீச்சிட்டது. அர்பன் எழுந்து, அந்தக் காலி இடத்தைத் தாண்டி வந்து, என் இன்னொரு பக்கம் உட்கார்ந்தார்.

"அஞ்சாவதுல பாதித் தூரம் போனேன்," என்றார். "பாதியில திரும்பி வந்துட்டேன்."

அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக நகர்ந்து வந்தார்கள், யாரோ காபி வாங்கி வந்தார்கள், யாரோ பேசினார்கள். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் இருக்கும்போதே கதவு திறந்தது. கட்டியை எடுத்துவிட்டோம், மூச்சு ஒழுங்காக இருக்கிறது, எழுந்து பேசினால்தான் மற்றது தெரியும் என்றார் டாக்டர்.

அவன் பேசினது வியாழக்கிழமை. பாதித் தலை மழித்து, கட்டுப் போட்டு, வாடிய கத்திரிக்காய் மாதிரிக் கிடந்தான். என்னை அடையாளம் தெரிந்தது, கார்லாவைத் தெரிந்தது, வலது கையை மட்டும் சரியாகத் தூக்க முடியவில்லை. அது பிறகு மெல்ல வந்தது, ஆனால் பந்து விளையாட்டு அதோடு சரி. அர்பன் அறையின் ஓரத்தில் நாற்காலியில் இருந்தார். ஆட்டத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அவன்தான் கேட்டான், அடித்தார்களா என்று. அர்பன் என்னைப் பார்த்தார்.

"ஏழு இன்னிங்ஸ். ஒருத்தனும் அடிக்கல," என்றேன். "அப்புறம் நான் வந்து கெடுத்துட்டேன்."

தலையில் பந்து பட்டது, ஜனம் சிரித்தது, மேட்டில் நின்றது, நான் வந்தது, எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை.

"பெஞ்சு மட்டும் ஞாபகம் இருக்கு," என்றான். ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி எடுத்தான். "தலைக்குள்ள என்னமோ ஆவுதுன்னு தெரிஞ்சுது. சொல்லணும்னு நெனச்சேன். நோ-ஹிட்டர் போகுதே, எப்படி வாயத் தொறக்கறதுன்னு உக்காந்திருந்தேன். யாராவது ஒருத்தர் வந்து என்னன்னு கேக்க மாட்டாங்களான்னு உங்க எல்லாரையும் பாத்துக்கிட்டே இருந்தேன்." மூச்சு வாங்கினான். "பயமா இருந்துச்சு, அர்பன். நீங்கல்லாம் தள்ளித் தள்ளி உக்காந்துக்கிட்டீங்க."

அர்பன் எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கி வந்து கட்டிலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லுடா," என்றார். "எங்க வலிக்குது?"